கொழும்புக் கடலில் பொழுதுபோக்குத் தூண்டில்: விதி எழுதும்போது எங்களையும் கேட்க வேண்டாமா?

#1 ரீல்காரன்06 (வெள்ளவத்தை)

வணக்கம். வாரக்கன், கடல் கொந்தளிக்கும் தென்மேற்குப் பருவம், தொடங்கிவிட்டது. வெள்ளவத்தையில் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் கல்லில் நின்றால் அலை ஆளையே இழுத்துக்கொண்டு போகும். தெஹிவளை போட்டுகளும் கரையேறிவிட்டன. கை சும்மா இருக்கும் இந்த மாதங்களில் உருப்படியாக ஒன்று செய்யலாம் என்று எங்கள் வட்ஸ்அப் குழுவில் பேச்சு வந்தது. கடற்றொழில் அமைச்சுக்கு ஒரு மனு கொடுப்போம் என்று முடிவு.

காரணம் இதுதான். இங்கே கடல் மீன்பிடியை ஆள்வது 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில் நீரியல் வளச் சட்டம். தொழிலுக்குப் போகிறவரின் படகு, வலை, அனுமதிப்பத்திரம் என்றுதான் அது பெரும்பாலும் பேசுகிறது. தூண்டிற்கோலும் ரீலுமாகப் போகிறவர்களைப் பற்றி யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. ஆனால் கொழும்பில் மட்டும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் முகத்துவாரம் முதல் கல்கிசை வரை கரையோரம் நடந்து பாருங்கள், எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று.

மனுவில் இப்போதைக்கு இருப்பவை: ஒருவர் ஒரு நாளைக்கு வீட்டுக்குக் கொண்டுபோகக்கூடிய மீனுக்கு ஓர் உச்ச எண்ணிக்கை. பாரை, கலவாய், பாய்மீன் என்கிற தலபத் மூன்றுக்கும் குறைந்தபட்ச நீளம். பொழுதுபோக்குக்காரருக்குத் தனி லைசன்ஸ். கரைப் பாறைகளுக்குக் கிட்ட வலை போடத் தடை. கடைசியாக, எந்த விதியாக இருந்தாலும் எழுதுவதற்கு முன் எங்களையும் கூப்பிட்டுப் பேச வேண்டும். அந்தக் கடைசிதான் எங்களுக்கு முக்கியம். என்ன சொல்கிறீர்கள்?

#2 சும்மா_வந்தேன்

கூப்பிடுவார்கள். டீயும் மாலு பணிஸும் தருவார்கள். வரவுப் புத்தகத்தில் கையெழுத்து வாங்குவார்கள். அந்தக் கையெழுத்துதான் மக்கள் பங்கேற்பு. முடிந்தால் மாலு பணிஸுக்குள் இருக்கும் மீனின் நீளத்தையும் அளந்துவிட்டு வாருங்கள்.

#3 முகத்துவாரம்_பைபர்

தம்பி, உங்கள் நாலாவது கோரிக்கையை நீங்களே இன்னொரு தடவை வாசியுங்கள். எங்களையும் கேளுங்கள் என்று தொடங்கி, அடுத்தவன் வலையில் வந்து நிற்கிறது. எங்கள் வலையைப் பற்றி எழுத முன்னர் எங்களில் ஒருவரையாவது கேட்டீர்களா? பவளப்பாறை மேலும் கற்பாறை மேலும் செவுள்வலை போடுவது ஏற்கெனவே தடை. அதைச் சிலர் மீறுகிறார்கள், இல்லை என்று சொல்லவில்லை. மீறுகிறவனைப் பிடி என்று எழுதுங்கள், நானும் கையெழுத்து வைக்கிறேன்.

இன்னொன்று. 2015 ஜனவரியில் ஐரோப்பிய ஒன்றியம் இலங்கை மீன் வேண்டாம் என்று கதவை மூடியது. திறக்க 2016 நடுப்பகுதி ஆனது. அதற்குள் பலநாள் படகுகளுக்குச் செய்மதிக் கருவி பூட்டினார்கள், எங்கே போனாய் என்ன பிடித்தாய் என்று பதிவேடு எழுத வைத்தார்கள். எங்கள் வீட்டிலேயே மாமா, எழுத்து அவ்வளவு வராத மனிதர், மகனைப் பக்கத்தில் இருத்தி அந்தப் பதிவேட்டை எழுதினார். நீங்கள் ஒரு மீனையாவது எங்கேயாவது எழுதியிருக்கிறீர்களா? ஒன்றுமே எழுதாதவர்கள் விதி எழுதும் மேசைக்கு வர நினைக்கிறீர்கள்.

அப்புறம், சனி ஞாயிறு பிடித்த தோரா மீனை ஹோட்டல் சமையலறைப் பின்வாசலில் பேலியகொடை மீன்சந்தை விலைக்குக் குறைவாகக் கொடுக்கும் ஆட்கள் உங்கள் குழுவில் இல்லையா? பதிவு இல்லை, ஐஸ் செலவு இல்லை, கடன் இல்லை. அவர்கள் பொழுதுபோக்குக்காரர், நாங்கள் கடலை நாசமாக்குகிறவர்கள். நல்ல கணக்கு.

#4 ரீல்காரன்06

அண்ணா, விற்கிறவர்கள் இருக்கிறார்கள், மறைக்கவில்லை. பிடித்ததை விற்கக் கூடாது என்பதையும் மனுவில் சேர்க்கலாம். ஆனால் பாறைக்கு மேல் வலை கிடப்பதை நாங்கள்தான் வாராவாரம் பார்க்கிறோம். அறுந்த வலையில் சிக்கிச் செத்த மீனோடு எங்கள் தூண்டில் மாட்டி மேலே வருகிறது. அதைப் பற்றி வாய் திறக்கக் கூடாது என்றால் பிறகு பங்கேற்பு எதற்கு?

#5 கோப்புக்கட்டு

சட்டத்தைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லலாமா.

1996 சட்டத்தில் பங்கேற்புக்கு வழியே இல்லை என்பது சரியல்ல. அமைச்சருக்கு ஆலோசனை சொல்ல ஓர் ஆலோசனைச் சபை இருக்கிறது. ஒரு கடற்பரப்பையோ களப்பையோ முகாமைத்துவப் பிரதேசமாகப் பிரகடனம் செய்து, அங்கே மீன்பிடிக்கிறவர்களைக் கொண்டே மீன்பிடிக் குழு அமைக்கலாம். நீர்கொழும்புக் களப்பில் இப்படி மீனவரின் கையோடு முகாமைத்துவம் நடந்திருக்கிறது. எந்த இடத்தில் எந்த முறை, எந்த வலைக்கு எத்தனை அங்குலக் கண் என்பதை அங்கே இருப்பவர்கள் பேசித் தீர்ப்பதுதான் இதன் யோசனை.

சிக்கல் இரண்டு. முதலாவது, இந்த ஏற்பாடு தொழிலாளரை மனதில் வைத்துச் செய்தது. கல்லில் நிற்கும் ரீல்காரனுக்கு அதில் நாற்காலி இல்லை. இரண்டாவது, விதி எப்படிப் பிறக்கிறது என்பது. சுற்றாடல் சட்டத்தின் கீழ் ஒரு பெரிய திட்டத்துக்குச் சுற்றாடல் தாக்க மதிப்பீடு செய்தால், அந்த அறிக்கையைப் பொதுமக்கள் பார்வைக்கு 30 நாள் வைத்தே ஆக வேண்டும், எவரும் எழுத்தில் கருத்துச் சொல்லலாம். மீன்பிடி ஒழுங்குவிதி அப்படி வருவதில்லை. வர்த்தமானியில் வந்த பிறகுதான் பெரும்பாலானவர்களுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியவரும். ஆகவே மனுவில் ‘எங்களையும் கூப்பிடுங்கள்’ என்று கெஞ்சுவதை விட, ‘வரைவை மும்மொழியிலும் வெளியிடுங்கள், இத்தனை நாள் அவகாசம் கொடுங்கள், வந்த கருத்துகளுக்கு என்ன பதில் என்பதையும் வெளியிடுங்கள்’ என்று கேளுங்கள். கடைசிப் பகுதி இல்லாவிட்டால் #2 சொன்ன மாலு பணிஸ் கதைதான்.

மனுவுக்கு முன்னால் ஒரு காரியம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் மாளிகாவத்தையில் இருக்கும் திணைக்களத்துக்கு ஒரு விண்ணப்பம் போடுங்கள். பொழுதுபோக்கு மீன்பிடி பற்றி என்ன தரவு வைத்திருக்கிறீர்கள், ஏதாவது வரைவு தயாராகிறதா, யாரோடு ஆலோசித்தீர்கள் என்று கேளுங்கள். 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். தமிழிலேயே எழுதலாம். இதற்கு வழக்கறிஞர் தேவையில்லை.

#6 தெஹிவளை_நானா

நான் சுற்றுலாக்காரரைத் தூண்டிலுக்குக் கூட்டிப்போகிறவன். எங்கள் கதையையும் கேளுங்கள்.

வெளிநாட்டுக்காரர் பெரும்பாலும் பெரிய பாரைக்கும் தலபத்துக்கும்தான் வருகிறார்கள். படம் எடுத்துவிட்டு விட்டுவிடச் சொல்லிவிடுவார்கள். நம் ஆட்கள் ஏறினால் ஐஸ் பெட்டி நிறைந்துதான் இறங்குவார்கள். நான் குறை சொல்லவில்லை, எண்ணெய்க் காசைப் பங்கு போட்டுக் கொடுத்தவர்கள் வெறுங்கையோடு வீட்டுக்குப் போக விரும்ப மாட்டார்கள். சிலர் சுழியோடி ஈட்டித் துப்பாக்கியால் சுடலாமா என்று கேட்பார்கள். அது இங்கே தடை என்றால் நம்ப மாட்டார்கள்.

உங்கள் மனுவில் இருக்கும் குறைந்தபட்ச நீளம் பற்றித்தான் எனக்குப் பேச்சு. கடதாசியில் நல்லாத்தான் இருக்கும். முப்பது பாகத்துக்குக் கீழே இருந்து ஒரு கலவாயை ஏற்றிப் பாருங்கள். மேலே வர வர உள்ளே காற்றுப்பை ஊதும். தண்ணீர் மட்டத்துக்கு வரும்போது இரைப்பை வாய்வழியாகப் பிதுங்கி நிற்கும், கண் வெளியே தள்ளியிருக்கும். நீளம் பற்றாது என்று விட்டால் வயிறு வானத்தைப் பார்க்க மிதக்கும். செம்பருந்து வந்து சுற்றும். விதியைக் காப்பாற்றியாயிற்று, மீன் போயிற்று.

நாங்கள் செய்வது இது. பிளாஸ்டிக் கூடை ஒன்றைக் கவிழ்த்து, விளிம்பு நாலு மூலையிலும் ஈயம் கட்டி, அடியில் நடுவே கயிறு போட்டு வைத்திருக்கிறோம். மீனைக் கூடைக்கு அடியில் பிடித்து இறக்குவோம். மிதக்கப் பார்க்கிற மீனைக் கூடை கீழே அமுக்கிக்கொண்டு போகும். பத்துப் பதினைந்து பாகம் போனதும் அமுக்கத்தில் காற்றுப்பை சுருங்கும், கயிற்றில் ஒரு உதறல் தெரியும், கூடையை ஏற்றினால் வெறுங்கூடை. இதை எந்த அதிகாரியும் சொல்லித் தரவில்லை. படகில் இருப்பவனைக் கேட்காமல் நீளத்தை மட்டும் வர்த்தமானியில் போட்டால் செத்த கலவாய்தான் மிதக்கும்.

#7 ஒக்லாந்து_கொட்டாஞ்சேனைக்காரன்

இங்கே நியூசிலாந்தில் கடல் தூண்டிலுக்கு லைசன்ஸே கிடையாது. ஆனால் எண்ணிக்கையும் நீளமும் கண்டிப்பு. அளக்கும் பலகை இல்லாத படகைப் பார்ப்பது அரிது.

பங்கேற்பு என்றால் 2013இல் நடந்ததைச் சொல்ல வேண்டும். வடகிழக்குக் கரையின் ஸ்னப்பர் மீனுக்கு, ஒருவருக்கு ஒரு நாளைக்கு 9 என்று இருந்ததைக் குறைக்கப் போவதாக அரசு ஆலோசனைப் பத்திரம் வெளியிட்டது. 3 வரைக்கும் குறைக்கலாம் என்பதும் அதில் ஒரு யோசனை. ஊரே கொதித்தது. தூண்டில் போடாதவர்கள்கூட எழுதினார்கள், பல்லாயிரக்கணக்கில் கருத்துகள் குவிந்தன. கடைசியில் 2014 ஏப்ரலில் இருந்து எண்ணிக்கை 7, நீளம் 27 சென்டிமீட்டரில் இருந்து 30 ஆனது.

வெற்றியா? அரைவாசி. 3 என்ற யோசனை போனது, ஆனால் வணிகக் கம்பெனிகளின் பங்கில் கை வைக்கவில்லை என்ற கோபம் இன்றும் இருக்கிறது. நிறையப் பேர் சத்தம் போட்டதால் விதி தளர்ந்தது. அதனால் மீன் கூடியதா என்பது வேறு கேள்வி.

#8 செவிக்கல்

கடைசி வரிக்காக ஒக்லாந்து அண்ணாவுக்கு நன்றி. நான் மீன் வளத் துறையில் படித்து வேலை செய்கிறவள், அரசாங்கத்தில் இல்லை.

பங்கேற்பு என்றதும் எல்லோரும் கூட்டத்தையும் நாற்காலியையும் பற்றி யோசிக்கிறோம். அமெரிக்காவில் நாற்காலிக்குக் குறைவில்லை. 1976இல் வந்த மக்னசன் ஸ்டீவன்ஸ் சட்டத்தின் கீழ் எட்டுப் பிராந்திய மீன்பிடிச் சபைகள் இருக்கின்றன. வணிக மீனவர், பொழுதுபோக்குக்காரர், மாநில அதிகாரிகள் எல்லோரும் வாக்குரிமையோடு உட்காருகிறார்கள். கூட்டம் திறந்த கூட்டம், யாரும் எழுந்து பேசலாம். இவ்வளவும் இருந்தும் மெக்சிக்கோ வளைகுடாவின் சிவப்பு ஸ்னப்பரில் என்ன ஆனது தெரியுமா? 2017இல் தனியார் படகுத் தூண்டில்காரருக்கு மத்திய அரசின் கடற்பரப்பில் முதலில் அறிவித்த பருவகாலம் வெறும் 3 நாள். கோடையில் விடுமுறை எடுத்து, படகைக் கழுவி, எண்ணெய் அடித்துக் காத்திருந்தவர்களுக்கு மூன்றே நாள். பெரிய சண்டைக்குப் பிறகு அந்த வருடம் 39 நாள் கூட்டினார்கள். அதை எதிர்த்தும் வழக்குப் போனது.

அங்கே மீன் இல்லாமல் போகவில்லை, கூடிக்கொண்டிருந்தது. தூண்டில்காரர் எவ்வளவு பிடிக்கிறார்கள் என்ற கணக்கில்தான் நம்பிக்கை இல்லாமல் போனது. வணிகப் படகு இறங்குதுறைக்கு வந்தால் நிறுத்துவிடலாம். இலட்சக்கணக்கான தனி ஆட்கள் எந்தெந்தத் துறையில் எந்த நேரத்தில் இறங்குகிறார்கள்? தபாலிலும் துறையில் நின்றும் மாதிரி எடுத்து இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கணிக்கும் முறை, சில நாளே நீடிக்கும் பருவகாலத்துக்கு எப்படிப் பொருந்தும்? பிறகு மாநிலங்களே எண்ணத் தொடங்கின. அலபாமா 2014இலேயே பிடித்த சிவப்பு ஸ்னப்பரை அறிவிப்பது கட்டாயம் என்றது. எண்ணும் பொறுப்பு கிட்ட வந்த பிறகு, 2020இல் பருவகாலத்தைத் தீர்மானிக்கும் அதிகாரமும் ஐந்து மாநிலங்களுக்கு வந்தது.

ஆகவே முகத்துவாரம் அண்ணா #3இல் கேட்டதுதான் இந்த இழையின் மையக் கேள்வி என்று நினைக்கிறேன். எண்ணாதவர்களுக்கு மேசையில் இடம் கிடைத்தாலும் பேச ஒன்றும் இருக்காது. லைசன்ஸ், தடை எல்லாவற்றையும் தள்ளிவைத்துவிட்டு முதலில் எழுதத் தொடங்குங்கள்.

நீளம் பற்றி ஒரு சிறு திருத்தம். பெரிய பாரை ஏறத்தாழ 60 சென்டிமீட்டர் ஆகும்போதுதான் முதன்முதலில் முட்டையிடும் பருவத்துக்கு வருகிறது, அதற்குக் குறைந்தபட்ச நீளம் பொருந்தும். கலவாய் வேறு. அதில் பல இனங்கள் முதலில் பெண்ணாக வளர்ந்து பிறகு ஆணாக மாறுகின்றன. சிறியதை விடு, பெரியதை எடு என்றால் ஆண்களைப் பொறுக்கி எடு என்று சொல்வதுபோல் ஆகிவிடும். அதற்குக் கீழெல்லையோடு மேலெல்லையும் வேண்டும். தலபத்துக்கு ஏற்கெனவே இந்து சமுத்திர சூரை ஆணைக்குழு ஒரு கீழெல்லை வைத்திருக்கிறது, கீழ்த்தாடை நுனியில் இருந்து வால் கவை வரை 60 சென்டிமீட்டர். மனுவில் புதிதாக ஒன்றை எழுத முன்னர் இருப்பதைப் பாருங்கள். நீண்ட வால் கொண்ட கசாரி வகைச் சுறாவைப் பொழுதுபோக்குக்காரரும் உயிரோடு விட வேண்டும் என்பதும் அதே ஆணைக்குழுவின் விதி, இலங்கையில் அதைப் பிடிப்பதே 2012இல் இருந்து தடை.

#9 ரீல்காரன்06

அக்கா, எழுதுவதில் எங்களுக்குச் சம்மதம். ஆனால் லைசன்ஸைத் தள்ளிவைக்க மனமில்லை. அவுஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 2001இல் இருந்து கடல் தூண்டிலுக்குக் கட்டணம் இருக்கிறது. அந்தக் காசு ஒரு தனி நிதியத்துக்குப் போகிறது. எதற்குச் செலவழிப்பது என்பதில் தூண்டில்காரருக்கே பேச்சு உண்டு. செயற்கைப் பாறை போடுகிறார்கள், மீன் துப்புரவு மேசை கட்டுகிறார்கள். காசு கொடுத்தவனைக் கேட்காமல் விதி எழுத முடியாது, அதுதான் லைசன்ஸின் பலன்.

#10 முகத்துவாரம்_பைபர்

அந்தக் காசில் வேறு என்ன செய்தார்கள் என்பதையும் சொல்லுங்கள் தம்பி. சிட்னியில் என் மச்சான் இருக்கிறார், நேற்று இரவு கேட்டேன். கட்டணக் காசில் தொழில் மீனவரின் உரிமங்களை விலைக்கு வாங்கி, 30 முகத்துவாரங்களையும் ஏரிகளையும் தூண்டில்காரருக்கு மட்டும் என்று ஒதுக்கியிருக்கிறார்கள். அங்கே விலை கொடுத்து வாங்கினார்கள். இங்கே விலையும் கொடுக்க மாட்டார்கள், ஒரு வர்த்தமானியில் முடிந்துவிடும். எங்களை ஏன் கோபப்படுகிறீர்கள் என்று கேட்காதீர்கள்.

துறைமுக நகரத்துக்குக் கடலை நிரப்பி 269 ஹெக்டெயர் எடுத்தபோது மணல் நீர்கொழும்புப் பக்கக் கடலில் இருந்து வந்தது. போராட்டமெல்லாம் நடந்தது, எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் 2021 மே 20இல் தீப்பிடித்து ஜூன் 2இல் அமிழ்ந்தபோது கடலுக்குப் போகாதே என்றார்கள், போகவில்லை. நட்டஈடு என்று பேச்சு வந்ததும் முதல் கேள்வி, பதிவு எங்கே. கடலைப் பற்றிய பெரிய முடிவு எதிலும் எங்களைக் கேட்டு எடுத்ததாக நினைவில்லை. இப்போது உங்கள் பங்கேற்புக்கும் நாங்களே இடம் விட வேண்டுமா?

#11 ரீல்காரன்06

அண்ணா, 30 இடம் ஒதுக்கியது உண்மைதான். அதைக் கேட்க எங்களுக்கு எண்ணம் இல்லை. நாலாவது கோரிக்கையை எடுத்துவிட்டு, பாறை மேல் வலைத் தடையை நடைமுறைப்படுத்துங்கள் என்று மாற்றுகிறோம். லைசன்ஸ் இருக்கட்டும், குழுவில் வாக்கெடுப்பு வைக்கிறேன்.

#12 காக்கைத்தீவு_மலர்

வாக்கெடுப்பு வைக்க முன்னர் இந்தப் பக்கமும் கொஞ்சம் பாருங்கள்.

களனி ஆறு கடலில் விழும் இடத்தில், நாரா என்ற அரச மீன்வள ஆய்வு நிறுவனத்தின் கட்டிடத்துக்குக் கிட்ட, பின்னேரம் நிற்கிறவர்களிடம் ரீல் இல்லை. வெற்றுப் பிளாஸ்டிக் போத்தலில் சுற்றிய நரம்பும், முனையில் ஒரு பழைய நட்டும்தான். மேசன் வேலை, மூட்டை சுமக்கும் நாட்டாமை வேலை முடித்து வருகிறவர்கள். பெண்களும் நிற்கிறார்கள். என் மாமியார் அறுபது வயதைத் தாண்டியும் மண்புழு கோத்துப் போடுவார், இரண்டு கெளுத்தி கிடைத்தால் இரவுக் கறி. இவர் பொழுதுபோக்குக்காரரா, தொழிலாளியா? உங்கள் லைசன்ஸ் வந்தால் பொலிஸ் முதலில் யாரைப் பிடிக்கும்? கார் டிக்கியில் பத்து ரீல் வைத்திருப்பவரையா, போத்தல்காரரையா? எல்லோருக்கும் தெரியும்.

மொழியையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்தில் கரையோரம் பற்றி ஒரு கூட்டம் நடந்தது, யார் வைத்தது என்பதை விடுங்கள். கையில் தந்த கடதாசி சிங்களத்தில் மட்டும். தமிழ்ப் பிரதி பிறகு வரும் என்றார்கள், வரவில்லை. பக்கத்தில் இருந்த சிங்கள அக்கா ஒருவர்தான் வரி வரியாகச் சொல்லித் தந்தார், அவருக்கும் அந்தச் சட்டப் பாஷை பாதி விளங்கவில்லை. இத்தனைக்கும் அண்மைக் காலக் கடற்றொழில் அமைச்சர்களில் தமிழரும் இருந்திருக்கிறார்கள். அமைச்சர் தமிழ் பேசினாலும் வரைவு தமிழ் பேச வேண்டும் அல்லவா. #5 சொன்ன மும்மொழியை மனுவின் முதல் வரியாகப் போடுங்கள்.

#13 கோப்புக்கட்டு

மலர் சொன்னதைச் சட்ட வார்த்தையில் ஆக்கலாம். கரையில் நின்று கைக்கயிறால் பிடிப்பவருக்கு லைசன்ஸும் வேண்டாம் கட்டணமும் வேண்டாம், எண்ணிக்கையும் நீளமும் மட்டும் எல்லோருக்கும் பொது. படகில் காசுக்கு ஆள் ஏற்றுகிறவர்களுக்கு மட்டும் முதலில் பதிவு. நானா கோபிக்க மாட்டார் என்று நினைக்கிறேன்.

#14 தெஹிவளை_நானா

கோபம் எதற்கு. பதிவு இருந்தால் காப்புறுதி கேட்கலாம். ஆனால் எண்ணிக்கையை ஆளுக்கா படகுக்கா என்று தெளிவாக எழுதுங்கள். ஆளுக்கு என்றால் மீன் பிடிக்கத் தெரியாத இரண்டு மைத்துனரையும் ஏற்றிக்கொண்டு வருவார்கள், பெட்டியில் அவர்களுக்கும் ஒரு பங்கு.

#15 செவிக்கல்

நல்ல கேள்வி. இரண்டும் இருக்க வேண்டும், ஆளுக்கு ஓர் எல்லை, படகுக்கு ஓர் எல்லை.

எழுதத் தொடங்குவதைப் பற்றி என் யோசனை. மூன்று மொழியிலும் ஒரு கூகுள் போர்ம். திகதி, கரையா படகா, எத்தனை மணித்தியாலம், எத்தனை கோல், என்ன மீன், வால் கவை வரை நீளம், வைத்ததா விட்டதா. போத்தல்காரர் போனில் நிரப்ப மாட்டார்கள், அவர்களுக்காக மலர் அக்கா போல் ஒருவர் கிழமைக்கு ஒரு பின்னேரம் நடந்து கேட்டு எழுதினால் போதும். ஒரு வருடம் ஓடினால் கையில் ஏதாவது இருக்கும். அதை எடுத்துக்கொண்டு காக்கைத்தீவில் நாராவுக்குப் போகலாம்.

#16 பாறைமேல்_பத்மன்

எங்கே பிடித்தேன் என்று எழுத வேண்டுமா? அப்படியென்றால் நான் வரவில்லை. என் கல்லை என் தம்பிக்கே காட்டியதில்லை.

#17 சும்மா_வந்தேன்

பத்மன் அண்ணா, பம்பலப்பிட்டி ஸ்டேஷனுக்குத் தெற்கே மூன்றாவது கல்தானே?

#18 பாறைமேல்_பத்மன்

பொய். யார் சொன்னது?

#19 செவிக்கல்

கல் வேண்டாம் அண்ணா, பகுதி போதும். முகத்துவாரம் முதல் கோட்டை, காலிமுகம் முதல் பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை முதல் கல்கிசை, அப்புறம் வெளிப்பாறைகள். நாலே பிரிவு.

#20 முகத்துவாரம்_பைபர்

நான் ஒன்று சொல்கிறேன். எங்கள் போட்டுகள் விடியற்காலை ஐந்து மணிக்கு மீனோடு கரைக்கு வரும். வார நாளில், ஞாயிறு இல்லை. அளக்கும் பலகையோடு வாருங்கள், எங்கள் மீனையும் அளந்து உங்கள் போர்மில் போடுங்கள். எங்கள் கணக்கும் உங்கள் கணக்கும் ஒரே கடதாசியில் இருந்தால்தான் யார் எவ்வளவு எடுக்கிறார்கள் என்று தெரியும். உங்கள் கணக்கை மட்டும் கொண்டுபோய் நாங்கள் கொஞ்சம்தான் எடுக்கிறோம், வலைக்காரர்தான் எல்லாம் எடுக்கிறார்கள் என்று சொல்ல விட மாட்டேன்.

இரண்டு நிபந்தனை. எங்கள் சங்கத்துக்குக் காட்டாமல் எண்ணிக்கை எங்கும் போகக் கூடாது. மனுவிலும் எங்கள் சங்கத்தின் கையெழுத்து இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நாங்கள் எதிர்மனு போடுவோம். சங்கத்தில் பேச வேண்டும், எல்லோரும் ஒத்துக்கொள்வார்கள் என்று சொல்ல மாட்டேன். வலைப் பேச்சு எடுத்தவுடன் எழும்பிப் போகிறவர்கள் இருக்கிறார்கள்.

#21 ரீல்காரன்06

நன்றி அண்ணா. எங்கள் குழுவிலும் இரண்டு பேர் இப்போதே வெளியேறிவிட்டார்கள், விற்கக் கூடாது என்ற வரியைச் சேர்த்ததற்கு. அவர்கள் யார் என்று நீங்கள் ஊகித்துக்கொள்ளலாம். மனு இப்போதைக்கு நிற்கட்டும். தகவல் அறியும் விண்ணப்பத்தை இந்தக் கிழமை தமிழில் அனுப்புகிறேன், கோப்புக்கட்டு அண்ணா வரைவைப் பார்த்துத் தருவதாகச் சொன்னார். லைசன்ஸ் வாக்கெடுப்பு போர்ம் ஒரு வருடம் ஓடிய பிறகு.

#22 செவிக்கல்

போர்ம் வரைவை இன்று இரவு போடுகிறேன். ஒன்று மட்டும் கண்டிப்பு. ஒன்றும் கிடைக்காமல் வந்த நாளையும் எழுத வேண்டும். கிடைத்த நாளை மட்டும் எழுதினால் கடலில் மீன் குவிந்து கிடப்பதுபோல் கணக்கு காட்டும், அதை வைத்து எந்த முடிவும் எடுக்க முடியாது. அதற்கென்று ‘வெறுங்கை’ என்று ஒரு கட்டம் வைக்கிறேன்.

#23 சும்மா_வந்தேன்

அந்தக் கட்டத்தை மேலேயே, பெரிதாகப் போடுங்கள் அக்கா. பத்மன் அண்ணாவுக்கு ஒவ்வொரு முறையும் கீழே தேடிப் போவது சிரமம்.